வெட்டவெளியும் வேட்டை நாயும்

நாய் என்றால் வாசலில் கட்டிக் கிடப்பது என்று பட்டணத்தில் இருக்கும் நாம் நினைக்கிறோம். பரளச்சிச் சீமைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி என்று வானம் பார்த்துக் கிடக்கும் அந்தப் பூமியில் நாய்க்கு அழகு ஓட்டந்தான்.

தென்பாண்டிச் சீமைக்கென்றே சில வேட்டை நாய்கள் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் ஊர்ப் பெயரையே தாங்கியவை. கறுத்த உடம்பும் பழுப்புக் காலுமாக இருப்பது கன்னி. மோப்பத்தை நம்பும் நாய்கள் உலகத்தில் ஏராளம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணை நம்புகிறவை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தரம் நாலு காலும் தரையை விட்டு எழும்புகின்றன.

கண்ணை நம்பும் நாய்க்கு வெட்டவெளி வேண்டும். கம்பும் சோளமும் அறுத்து, பருத்திமாரும் பிடுங்கியான பின், பங்குனி சித்திரையில் புன்செய்க் காடு மொட்டையாகக் கிடக்கும். முயல் கிளம்பினால் வெகு தூரத்துக்குத் தெரியும். அந்த வெளிதான் இந்த நாயை உருவாக்கியது என்பது என் கட்சி.

நமக்குக் கதையாக வந்தது ஜமீன்தார்களின் வேட்டை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அந்த ஆரவாரம் அடங்கிற்று. ஆனால் நாய் அழியவில்லை. தன் கம்பங்கூழில் ஒரு பங்கை ஊற்றிய சம்சாரி அதைக் காப்பாற்றினான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயலுக்கு நியாயம் கிடைத்தது; அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாய்க்கு உத்தியோகம் போயிற்று. போதாததற்குச் சீமைக் கருவேல் தரிசையெல்லாம் அடைத்துக்கொண்டது. நாயின் கண் போகும் தூரம் சுருங்கிவிட்டது.

இங்கிலாந்தில் கிரேஹவுண்டு நாய்க்கு வேறு வழி பிறந்தது. 1926-ல் மாஞ்செஸ்டர் நகரின் பெல் வியூ மைதானத்தில், மின்சாரத்தில் ஓடும் பொம்மை முயலின் பின்னே அதை ஓடவிட்டார்கள். அது பந்தயமும் சூதுமாக வளர்ந்தது. நம் நாய்க்கு அந்த நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால் தலை கிடைத்தது. மரியாதைதான், ஆனால் தபால் தலையில் ஓட முடியாதே!

இன்று இவற்றை மாடிக் குடியிருப்பிலும் வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும். ஆனால் வெயில் ஏறுமுன் தினமும் ஓடவிட வேண்டும். அதுவும் வேலியடைத்த மைதானத்தில். கண்ணில் பூனை அசைந்தால் கூப்பிட்ட குரல் காதில் விழாது. ஓடி வந்ததும் இளைப்பாறவிட்டுக் கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் வைக்க வேண்டும். உடம்பில் கொழுப்பில்லாத பிராணி. படுக்க ஒரு சாக்காவது வேண்டும்.

ஓட்டமில்லாமல் அடைத்துப் போட்டால் செருப்பைக் கடிக்கும், கதவைப் பிராண்டும். பொல்லாத நாய் என்று பெயர் வைத்துவிடுவோம். எத்தனையோ தலைமுறையாக ஓடுவதற்கென்றே வளர்த்த உடம்பு அது. அதை விலை கொடுத்து வாங்குமுன், பக்கத்தில் ஒரு வெட்டவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை.