கப்பலும் செயலியும்: கட்டற்ற மென்பொருள் கைமாறும்போது விலைபோவது எது?

தூத்துக்குடியின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், பிற ஆசியர் மட்டுமே அவற்றை வாங்கலாம் என்று விதி வைத்தார்கள். கம்பெனி ஐரோப்பியர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம். 1908இல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. சிறைப்பட்டார், கம்பெனி நொடித்தது, 1911இல் கலைக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியோடு போட்டியிட வாங்கிய எஸ்.எஸ். காலியா கப்பல், கடைசியில் அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. விதி பங்குக்கு வேலி போட்டிருந்தது. கப்பலுக்கு வேலி இல்லை.

கட்டற்ற மென்பொருளின் உரிமங்களிலும் இதே இடைவெளி இருக்கிறது என்பது என் வாதம்.

ஸ்லோவாக்கிய நிரலாளர் டிபோர் கபுடா தொடங்கிய ‘சிம்பிள் மொபைல் டூல்ஸ்’ தொகுப்பில் படத்தொகுப்பு, தொடர்புகள், நாட்காட்டி, குறுஞ்செய்தி எனப் பல செயலிகள் இருந்தன. விளம்பரம் கிடையாது, மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தது. 2023 இறுதியில் அவர் அதை சிப்போஆப்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்துக்கு விற்றார். செயலிகளை வாங்கி, விளம்பரத்தாலும் சந்தாவாலும் வருவாய் ஈட்டுவது அந்நிறுவனத்தின் தொழில். உடனே பங்களிப்பாளர்கள் அதுவரை வெளியான மூலநிரலை எடுத்து ‘ஃபாசிஃபை’ என்ற கிளைத் திட்டத்தைத் தொடங்கினர். மூலநிரலை எவரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற தன் வாக்கை ஜிபிஎல் காப்பாற்றியது.

ஆனால் வாங்கியவர் பணம் கொடுத்தது மூலநிரலுக்கா? அது எவருக்கும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பொருள். பிறர் எழுதிச் சேர்த்த வரிகளின் பதிப்புரிமையோ, அவர்கள் எழுதிக் கொடுக்காதவரை, அவர்களுடையதே. விலைபோனவை வேறு: பெயர், புதுப்பிப்பை அதே செயலியின் அடுத்த பதிப்பாகக் கைபேசி ஏற்கவைக்கும் கையொப்பச் சாவி, ஏற்கெனவே செயலியை நிறுவியிருந்த கைபேசிகள். பிளே ஸ்டோரில் ஒரு செயலியை வேறு கணக்குக்கு மாற்றும்போது பயனர்களும் மதிப்பீடுகளும் விமர்சனங்களும் சேர்ந்தே போகின்றன. புதுப்பிப்பு தானாக வந்து இறங்குகிறது.

இதன் ஆபத்தை உணர ஒரு நுணுக்கம் போதும். அந்தப் படத்தொகுப்புச் செயலி இணைய அனுமதியே கேட்காதது; படங்கள் கைபேசியை விட்டு வெளியேறா என்பதற்கு அதுவே உத்தரவாதமாக இருந்தது. ஆண்ட்ராய்டிலோ இணைய அனுமதி ‘சாதாரண’ வகையைச் சேர்ந்தது. புதிய உரிமையாளர் அதை ஒரு புதுப்பிப்பில் சேர்த்தால் பயனரிடம் கேள்வியே எழாது. படங்களைப் பார்க்க முன்பு ஒருவருக்குக் கொடுத்த இசைவு, பெயரறியாத இன்னொருவருக்குச் செல்லுபடியாகிவிடுகிறது.

காலியாவோடு இங்கேதான் ஒப்புமை முறிகிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகச் சீட்டு வாங்கினார்; யாருடைய கப்பல் என்று கேட்டுத்தான் ஏறினார். அதனால்தான் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்துப் பயணிகளை இழுக்க வேண்டியிருந்தது. கப்பலை வாங்கியதால் பயணிகள் சொந்தமாகிவிடவில்லை. செயலியை வாங்கியவருக்கோ பயணிகளும் சேர்ந்தே கிடைக்கிறார்கள், அதுவும் நடுக்கடலில், உறங்கிக்கொண்டிருக்கும்போது.

விற்பதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. ஆண்டுக்கணக்கில் தனியாளாகப் பராமரித்துச் சோர்ந்தவருக்கு விலகிக்கொள்ள உரிமை உண்டு. அந்த உழைப்புக்கு உரிய ஊதியம் தராமல் பயன்படுத்திய நமக்கும் இதில் பொறுப்பிருக்கிறது. ஆனால் பயனரின் இசைவு விற்பவரின் சொத்து அல்ல. உரிமை மாறினால் பழைய பதிப்பு அப்படியே நிற்க வேண்டும். புதிய உரிமையாளரின் பெயரைச் சொல்லிப் பயனரிடம் மீண்டும் இசைவு பெற்ற பிறகே புதுப்பிப்பு இறங்க வேண்டும். இந்தக் கட்டாயத்தைச் செயலிக் கடைகளே கொண்டுவர முடியும்.

அதுவரை நிரலாளர்கள் காத்திருக்கத் தேவையில்லை; செயலியைத் தனியாளிடம் விடாமல் ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கலாம். எடுத்துக்காட்டாக, விஎல்சி ஊடக இயக்கியை விடியோலேன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பே பேணிவருகிறது. தமிழில் கட்டற்ற செயலி எழுதுவோர், பெயரும் சாவியும் பிற்காலத்தில் யாரிடம் சேரும் என்பதை முதல் பதிப்பு வெளியாகும் நாளிலேயே எழுதி வையுங்கள்.