துருசும் செய்நிரலும்: ஒழுங்குவரிசையில் வெளிக்கட்டளையின் இடம்

தொழிற்சாலைப் பொறிகள் எந்த ஒழுங்கில் இயங்குதல் வேண்டும் என்பது வெறும் பொறியியல் வினா என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும் கட்டளை எங்கிருந்து பிறக்கின்றது, அதன் விளைவை யார் சுமக்கின்றனர் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. நெற்செய்கைப் பிரதேசங்களுக்கு இவை புதியனவல்ல.

கொட்டியாரக் குடாவின் தெற்கேயுள்ள தோப்பூரை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பாய்ச்சல் ஓர் ஒழுங்குவரிசை. நீர் திறக்கும் நாளும் முறையும் கமக்காரர் கூட்டத்தில் முடிவாகும். 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் இத்தகைய கூட்டங்களுக்குச் சட்டவலு அளித்தது. நீர் வயலை அடைந்தமையைக் கண்டறிந்த பின்னரே அடுத்த படி தொடங்கும். 2006 ஜூலையில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்த மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டது. மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்றுப் பகுதி வயல்களுக்கு நீர் தடைப்பட்டது. அரசு படைபலத்தால் பதிலளித்தது. ஆகஸ்டில் மூதூர், தோப்பூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கும், தமிழ் மக்கள் வாகரைப் பக்கத்துக்கும் இடம்பெயர்ந்தனர். துருசு பழுதடையவுமில்லை, ஆறு வற்றவுமில்லை. கமக்காரர் கூட்டத்துக்குப் பதில்சொல்லக் கடமைப்படாத அதிகாரங்கள் ஒழுங்குவரிசையின் முதற்படியைக் கைக்கொண்டமையே நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் பிரச்சினை, தொழிற் கட்டுப்பாட்டு முறைமைகளில் வேறொரு வடிவிலே தோன்றுகின்றது. 1968 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், கம்பிகளால் பிணைக்கப்பட்ட ரிலேத் தொகுதிகளுக்கு மாற்றீடு கோரியது. றிச்சர்ட் மோர்லி குழுவினரின் ‘மொடிக்கொன் 084’ 1969 இல் உருவாயிற்று. 1977 இல் பிரான்சில் வகுக்கப்பட்ட ‘கிராவ்செற்’ குறியீடு, ஒழுங்குவரிசையைப் படிகளாகவும் அவற்றுக்கிடையிலான நிபந்தனைகளாகவும் பிரித்தது. தொட்டி நிரம்பியதென உணரி அறிவித்தாலன்றி வால்வு மூடும் படி தொடங்காது. நமது வயலின் நியதியும் இதுவே.

உற்பத்தி விரிவடைந்தபோது, அறிக்கை தயாரிக்கவும் கணக்கிடவும் ஒரு படியிலிருந்து வெளிக் கணினியிலுள்ள செய்நிரலை அழைக்கும் தேவை எழுந்தது. இங்கேதான் முரண்பாடு தோன்றுகின்றது. கட்டுப்பாட்டுக் கருவி தன் சுற்றை மில்லிசெக்கன்களில் முடிக்கின்றது; வெளிச் செய்நிரலோ தன் சொந்த வேகத்தில் இயங்குவது, சிலவேளை இடையில் நின்றுவிடுவது. அதற்காகக் காத்திருந்தால் பொறி முடங்கும். காத்திராது முன்சென்றால் அடுத்த படி குருட்டுத்தனமாக நிகழும்.

பெரிய அபாயம் அதிகாரம் பற்றியது. 2010 இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெற்’ இதனை நிரூபித்தது. சீமென்ஸ் கண்காணிப்பு மென்பொருளின் மாற்றவியலாக் கடவுச்சொல்லைக் கொண்டு தரவுத்தளத்துள் நுழைந்து, அதன் வழியே தன்னை இயக்குவதும் அது பரவிய வழிகளுள் ஒன்று. ஈரானின் நத்தான்ஸில் சுழலிகளின் வேகத்தை மாற்றிய அதே வேளை, முன்னர் பதிந்த இயல்பான அளவீடுகளையே அது இயக்குநருக்குக் காட்டியது. கட்டளையுடன் சாட்சியமும் வெளியார் கைக்குச் சென்றது. 2019 இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியொன்றில் தீநிரல் காணப்பட்டபோது, நிலையத்தின் கட்டுப்பாட்டு முறைமை அவ்வலையமைப்பினின்று பிரிந்திருப்பதாக இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. அப்பிரிவின் பெறுமதியை ஸ்டக்ஸ்நெற்றை நோக்கியே மதிப்பிடுதல் வேண்டும். நத்தான்ஸும் இணையத்தினின்று பிரிந்தே இருந்தது.

ஆகவே வெளிச் செய்நிரலை அழைத்தலே தவறு என்பதன்று நமது முடிவு. அழைப்புக்குக் காலவரையறை வேண்டும். பெறுபேறு திரும்பாவிடின் பொறி பாதுகாப்பான நிலையை அடைதல் வேண்டும். அபாயநிறுத்தம் வெளிச் செய்நிரலின் தயவில் இருத்தலாகாது. செயல் நிகழ்ந்தமைக்கான சான்று கட்டளையிட்டவனிடமன்றி வேறோர் உணரியிடமிருந்து வருதல் வேண்டும். இவை தொழினுட்ப விதிகள் மட்டுமல்ல. விளைவைச் சுமப்போர் கட்டளையைச் சரிபார்க்கும் உரிமை பெறுதல் என்னும் சனநாயகக் கோரிக்கையும் இவற்றுள் உறைகின்றது. அவ்வுரிமை இல்லாதவிடத்து, எவ்வளவு செம்மையான ஒழுங்குவரிசையும் பிறர் கைக் கருவியே.