கணினியின் இரண்டாம் வாயில்



தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கன்னட நாட்டு எல்லையை அடுத்துள்ள எங்கள் தளி வட்டாரத்துப் பிள்ளைகளும் அவற்றைப் பெற்று மகிழ்ந்தனர். அக்கணினிகளுள் பலவற்றில் இயங்குதளங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, யாவரும் அறிந்த விண்டோஸ். மற்றொன்று, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். கணினியை இயக்கியவுடன் இவ்விரண்டுள் எது வேண்டும் என்று திரை கேட்கும். நான் கண்ட பிள்ளைகளுள் பெரும்பாலோர் முதல் வாயிலிலேயே நுழைந்தனர். இரண்டாம் வாயில் பூட்டப்படாதிருந்தும் திறப்பாரின்றிக் கிடந்தது. “ஐயா, அது பொறியாளர்களுக்கு உரியது, எங்களுக்கு வராது” என்பார்கள். அவ்வெண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது? ஒரு பள்ளியில் அறைகளையும் ஆசிரியர்களையும் பல வகுப்புகளுக்கும் முறையாகப் பங்கிட்டுத் தருவது கால அட்டவணை. அதுபோலக் கணினியின் நினைவகத்தையும் கோப்புகளையும் விசைப்பலகையையும் பல வேலைகளுக்கும் பங்கிட்டுத் தரும் நிரலே இயங்குதளம். லினக்சுக்கு முன்னோடியான யூனிக்ஸ், 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் நியூஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞர் இருவர், ஒதுக்கப்பட்டுக் கிடந்த ஒரு சிறு கணினியில் அதனை எழுதத் தொடங்கினர். 1971ஆம் ஆண்டில் அதனை அன்றாட அலுவலுக்குப் பயன்படுத்தியவர்கள் யாரென்று எண்ணுகிறீர்கள்? அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்கள்! பொறியாளர் அல்லாதாரும் அதன் தொடக்கக் காலத்திலேயே அதனைக் கையாண்டனர் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்நாளைய தொலைபேசி நிறுவனமாகிய ஏடி அண்டு டி, 1956ஆம் ஆண்டின் ஓர் உடன்படிக்கையால் தொலைத்தொடர்பு அல்லாத வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆகவே யூனிக்ஸ் சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. அதன் மூலநிரலும் உடன் சென்றது. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர் அந்நிரலுக்கு விளக்கவுரையே எழுதி மாணவர்க்குப் பாடம் சொன்னார். ஆனால் 1979ஆம் ஆண்டில் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதற்குத் தடை விதித்தது.

பாடம் சொல்ல வழியில்லை எனில் ஆசிரியர் என்ன செய்வார்? ஆலந்து நாட்டில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர் படிப்பதற்கென்றே மினிக்ஸ் என்னும் சிறு தளத்தைத் தாமே எழுதி 1987இல் வெளியிட்டார். அதனைத் தம் கணினியில் வைத்துப் பயின்றவர்களுள் ஒருவர், பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 21 வயதினரான அவர், 1991 ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஒரு தளம் எழுதி வருவதாக மற்றவர்க்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் குனு உரிமத்தின்கீழ் 1992இல் லினக்சும் வந்தது. வகுப்பறையில் தடுக்கப்பட்ட கல்வி, ஓர் ஆசிரியராலும் ஒரு மாணவராலும் உலகிற்கே திறந்துவிடப்பட்ட வரலாறு இது. இதனை ‘நமக்கு வராது’ என்று மாணவரே ஒதுக்குவது பொருந்துமோ?

இனித் தொடங்கும் முறையைக் காண்போம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். பாஸ் லினக்சிலும் படங்களைச் சொடுக்கி வேலை செய்யலாம். எழுதவும் கணக்கிடவும் செயலிகள் உண்டு. முதல் வாரம் அவற்றில் பழகுங்கள். பிறகு முனையம் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறவுங்கள். அங்கே எல், எஸ் என்னும் இரண்டு எழுத்துகளை அடித்தால், அடைவிலுள்ள கோப்புகளின் பட்டியல் வரும். பி, டபிள்யூ, டி என அடித்தால், நீங்கள் நிற்கும் இடம் தெரியும். சி, டி என அடித்து அடைவின் பெயரையும் எழுதினால் அங்கே செல்லலாம்.

கட்டளைகள் இவ்வாறு குறுகியிருப்பதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. அக்காலத்தில் திரை இல்லை. மெதுவாகத் தாளில் அச்சடிக்கும் தந்தித் தட்டச்சுப் பொறியே இருந்தது. அதனால் எழுத்தைச் சிக்கனமாகச் செலவிட்டனர். ‘பிடபிள்யூடி’ என்பதன் முதலெழுத்து இன்றும் ‘அச்சிடு’ என்னும் பொருளையே தருகிறது. காரணம் விளங்கினால் மனப்பாடம் எளிதாகும். ஐயம் எழுந்தால் ‘மேன்’ என்று எழுதிக் கட்டளையின் பெயரையும் எழுதுங்கள், கையேடு விரியும். 1971 நவம்பர் 3ஆம் நாளிட்ட முதற் கையேட்டின் வழிவந்தது அது.

இத்தளத்தின் பெருஞ்சிறப்பு, சிறு கருவிகளை இணைத்துப் பெரு வேலை செய்தல். டக்ளஸ் மெக்கில்ராய் என்பாரின் கருத்துப்படி 1973இல் இதற்கெனக் ‘குழாய்’ என்னும் முறை அமைந்தது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். உங்கள் பள்ளி மாணவரின் ஊர்ப்பெயர்கள், தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, கெலமங்கலம் என வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் கலந்து கிடக்கின்றன என்று கொள்ளுங்கள். ‘சார்ட்’ என்னும் கட்டளை அவற்றை வரிசைப்படுத்தும். ஒரே ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும். பின்னர் ஒரு செங்குத்துக் கோடு; அதுவே குழாய். அதன் வழியாக அப்பட்டியல் ‘யூனிக்’ என்னும் கட்டளையிடம் செல்லும். அதனுடன் ஒரு சிறு கோடும் சி என்னும் எழுத்தும் சேர்த்தால், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்பது நொடியில் வரும். முதலில் வரிசைப்படுத்துவது ஏன்? அடுத்தடுத்து நிற்கும் ஒத்த வரிகளையே ‘யூனிக்’ சேர்த்து எண்ணும். இதை உணர்ந்தவன் கருவியை இயக்குவதோடு நில்லாமல், முறையாக எண்ணவும் கற்கிறான்.

எச்சரிக்கை இரண்டு. ஆர், எம் என்னும் கட்டளை கோப்பை அழிக்கும். குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டெடுக்க அதில் வழியில்லை. இருமுறை படித்து ஒருமுறை அழுத்துக. ‘ரூட்’ என்னும் தலைமை அதிகாரத்தில் அன்றாட வேலையைச் செய்யாதீர். புதிய தளத்தைக் கணினியில் நிறுவ அஞ்சுவோர், அதனைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம்.

எங்கள் தளிப் பிள்ளை வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசுவான். மும்மொழி வழங்கும் நாவிற்கு இச்சிறு கட்டளைமொழி பெரும் பாரமாகாது. உங்கள் கையிலுள்ள ஆண்டிராய்டு தொலைபேசியின் உட்கரு லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் யாவும் லினக்சில் இயங்குகின்றன. ஓசூர்த் தொழிற்கூடங்களை நாடி ஆண்டுதோறும் நம் இளைஞர் செல்கின்றனர். பிறர் காட்டிய பொத்தானை அழுத்துவோராகவே அவர்கள் நின்றுவிடலாம். பொத்தானின் பின்னே நிகழ்வதை அறிந்தோராகவும் உயரலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கப் பணம் வேண்டுவதில்லை. நாள்தோறும் அரைமணி நேரமும், பிழை நேர்ந்தால் மீண்டும் முயலும் மனமும் போதும். நாளை கணினியைத் திறக்கும்போது, அந்த இரண்டாம் வாயிலில் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.