எதிராளி மலையளவு பணம் கட்டினால்...?

2003 மே மாதம். லாஸ் வேகஸில் உலகப் போக்கர் தொடரின் இறுதிச்சுற்று. மேஜையில் மிச்சம் இரண்டே பேர். ஒருவர் சாமி ஃபர்ஹா, இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். இன்னொருவர் கிறிஸ் மனிமேக்கர் (புனைபெயர் இல்லைங்க, நிஜப் பெயரே அதுதான்!). டென்னசி மாநிலத்துக் கணக்காளர். காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம் :-)

கடைசிப் பொதுச்சீட்டு விழுந்ததும் மனிமேக்கர் "ஆல் இன்" என்றார். கையில் ஒரு ராஜா, ஒரு ஏழு. ஜோடி கூடச் சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் என்று காத்திருந்து ஏமாந்துவிட்டாயா என்று ஃபர்ஹா வாய்விட்டே கேட்டார். நூற்றுக்கு நூறு உண்மை! ஆனாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரம்மியில் "ஸ்கூட்" என்று கவிழ்ப்பது போல, சீட்டைப் போட்டுவிட்டார். பட்டமும் 25 லட்சம் டாலரும் கடைசியில் மனிமேக்கருக்குப் போனது.

எதிராளி உதார் விடுகிறான் என்று சரியாகச் சந்தேகித்தவர் ஏன் பணிந்தார்? தொகையின் கனம் அப்படி. பெரிய பந்தயத்தை ஆட்டக்காரர்கள் வெகுகாலம் ஒரு சேதியாகத்தான் படித்தார்கள். கட்டியவன் கை நடுங்குகிறதா, கண் எங்கே போகிறது, பேச்சு நின்றுவிட்டதா... 1984ல் மைக் காரோ இதற்கென்றே படங்களோடு ஒரு புத்தகம் போட்டார்.

இன்னொரு பக்கம் கணக்கு மேதை ஜான் வான் நாய்மன் இருந்தார். 1928ல் விளையாட்டுகள் பற்றி ஒரு கட்டுரை, 1944ல் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து ஒரு தடித்த புத்தகம். அதில் போக்கருக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு. அவர் கண்டுபிடித்தது வேடிக்கையானது. மிக நல்ல சீட்டுக்கும் பெரிய தொகை கட்டு, மிக மட்டமான சீட்டுக்கும் சில சமயம் கட்டு; நடுத்தரமானதற்குச் சும்மா இரு! உதார் விடாதவன் நல்ல சீட்டோடு வரும்போது எவனும் பணம் போட மாட்டான் அல்லவா?

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். நடுவில் 100 ரூபாய் குவிந்திருக்கிறது. எதிராளி 50 கட்டுகிறான். நீங்கள் 50 போட்டால் மொத்தம் 200 ஆகும். நாலில் ஒரு முறை ஜெயித்தாலே கைநஷ்டம் இல்லை. அவனே 300 கட்டினால்? நீங்களும் 300 போட மொத்தம் 700. ஏழில் மூன்று முறை ஜெயிக்க வேண்டும், அதாவது சுமார் 43 சதவீதம். தொகை எத்தனை மடங்கு ஏறினாலும் இந்தத் தேவை 50 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. பயம்தான் தாண்டிவிடுகிறது. கெட்டிக்கார எதிராளியாக இருந்தால் அப்படி ஏழு முறை கட்டுவதில் நாலு நிஜம், மூன்று உதார் என்று கலந்து வைப்பான். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

இந்தக் கணக்கு முகமே இல்லாத எதிராளியாக வந்து உட்கார்ந்தது பிட்ஸ்பர்க் நகரில். 2015ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் க்ளாடிகோ என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 80,000 ஆட்டங்கள் ஆடியது. நடுவில் 700 டாலர் இருக்க, அது 19,000 டாலர் கட்டுமாம்! எந்த மனிதனும் செய்யாத காரியம் என்றார் எதிர்த்து ஆடிய டக் போல்க். முடிவில் மனிதர்கள் 7,32,713 டாலர் (சிப்ஸ் கணக்குதான்) முன்னிலை.

2017 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் தூமாஸ் சாண்ட்ஹோமும் அவர் மாணவர் நோவம் பிரவுனும் லிப்ராடஸைக் கொண்டுவந்தார்கள். மனிதர்கள் ஆடிய ஆட்டம் எதையும் அதற்குக் காட்டவில்லை. விதிகளை மட்டும் கொடுத்துத் தனக்குத் தானே ஆடவிட்டார்கள். "அப்போது வேறு மாதிரி செய்திருக்கலாமே" என்ற வருத்தத்தைக் கணக்கு வைத்துக்கொண்டே திருந்தும் முறை அது. (நமக்கும் வருத்தம் உண்டு, கணக்கு வைப்பதுதான் இல்லை.)

20 நாள், 1,20,000 ஆட்டம். டாங் கிம், ஜேசன் லெஸ், ஜிம்மி சௌ, டேனியல் மெக்காலி ஆகிய நால்வரும் இரவில் கூடி உட்கார்ந்து ஓட்டை தேடினார்கள். விசித்திரமான தொகைகளைக் கட்டி அதைக் குழப்பப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் ஒரு கட்டத்தில் இடைவெளி வெகுவாகக் குறைந்தது கூட. ஆனால் அதே இரவுகளில் லிப்ராடஸும் சூப்பர் கம்ப்யூட்டரில், தன்னை எந்தத் தொகைகள் தடுமாற வைத்தன என்று பார்த்து அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. பகலில் மறுபடி குவியலைப் போல் பல மடங்கு பந்தயம்! ஒவ்வொரு முறையும் மனிதர்கள் நிமிடக்கணக்கில் தவித்தார்கள்.

முடிவில் லிப்ராடஸ் 17,66,250 டாலர் முன்னிலை. லெஸ் மட்டும் 8,80,087 இழந்திருந்தார். நல்லவேளை, சொந்தப் பணம் இல்லை. நால்வருக்கும் 2 லட்சம் டாலர் பரிசு, ஆடிய லட்சணத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டார்கள்.

நால்வரில் குறைவாகத் தோற்றவர் கிம், 85,649 டாலர். தன் சீட்டை அது பார்த்துவிட்டு ஆடுவது போல் இருந்தது என்றார் அவர். அது ஏமாற்றியது என்று சொல்லவில்லை, அவ்வளவு நன்றாக ஆடியது என்றும் சேர்த்துக்கொண்டார்.