மொய் நோட்டும் 52-ஆம் பிரிவும்

இந்தியக் காப்பீட்டுச் சட்டம், 1938-ஐ யாரும் பொழுதுபோக்குக்காகப் படிக்க மாட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தபோது வேலைக்காகத்தான் நானும் அதைத் திறந்தேன். அதன் மூன்றாம் பாகம் 'பிராவிடண்ட் சொசைட்டி' எனப்பட்ட சிறு சேமநலச் சங்கங்களுக்கானது. என்னென்ன நிகழ்வுகளுக்குப் பணம் தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கினால் ஒரு சங்கம் இந்த வகையில் சேரும் என்று அங்கே ஒரு பட்டியல் இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு, வாரிசு இல்லாமை, வேலை இழப்பு, நோயாலோ விபத்தாலோ முடங்குவது, பிள்ளைகளின் படிப்பு. இவற்றோடு சமூக, சமயச் சடங்குகளும் இருந்தன.

புதுக்கோட்டைக்காரனுக்கு இந்த இடம் உடனே கண்ணில் படும். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் அன்றைய சட்டத்தின் கண்ணில் காப்பீட்டுக்குரிய 'நிகழ்வுகள்'!

அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு தடை. கிடைக்கும் தொகை முன்கூட்டியே நிச்சயமாக இல்லாமல், வசூலானதைக் குறிப்பிட்ட காலத்தில் உரிமை கோரியவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் காப்பீட்டுத் தொழில் கூடாது. எத்தனை பேர் உரிமை கோருகிறார்களோ அதைப் பொறுத்துச் சந்தா ஏறி இறங்குவதும் கூடாது. இதைப் பங்கீட்டு முறை என்று சொல்லலாம். 'ஊர் கூடிக் கொடுப்பது' என்று நாம் சொல்வதன் கணக்கு வடிவம் கிட்டத்தட்ட இதுதான். அதை ஏன் தடை செய்தார்கள்?

பதிலுக்கு அமெரிக்கா வரை போக வேண்டும். 1868-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மீட்வில் ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒரு சகோதரச் சங்கம் தொடங்கினார். பெயர் 'ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென்'. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போடுவார்கள், அது அந்தக் குடும்பத்துக்குப் போகும். பங்குதாரர் இல்லை, லாபம் இல்லை. கிளைகள் உண்டு, சடங்குகள் உண்டு, நிர்வாகிகளை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் காப்பீடு அரிதாக இருந்த காலத்தில் இந்த மாதிரி நாடு முழுக்கப் பரவியது.

கணக்கு சிம்பிள். ஆனால் அதில் ஓட்டை இருந்தது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் கொண்ட சங்கம், ஒரு சாவுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய். வருடத்துக்குப் பத்துச் சாவு என்றால் ஒருவருக்குப் பத்து ரூபாய் செலவு. கால் நூற்றாண்டு கழித்து எல்லோருக்கும் வயதாகிவிட்டது. செலவு ஏறுகிறதே என்று இளைஞர்கள் விலகிவிட்டார்கள், புதிதாக யாரும் சேரவில்லை. மிச்சம் 500 பேர், வருடத்துக்கு 25 சாவு. அதே ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டுமானால் ஒரு சாவுக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய், வருடத்துக்கு ஐம்பது ரூபாய். ஐந்து மடங்கு! இதைப் பார்த்து இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசிவரை விசுவாசமாகக் கட்டியவன் செத்தால் அவன் வீட்டுக்குக் கொடுக்க ஆள் இருக்காது.

இதற்கு அமெரிக்கச் சட்டம் கண்ட தீர்வை 'திறந்த ஒப்பந்தம்' என்பார்கள். சாதாரண பாலிசியில் கையெழுத்துப் போட்டதோடு நிபந்தனைகள் உறைந்துவிடும். சகோதரச் சங்கத்தின் சான்றிதழில் அப்படி இல்லை. சங்கத்தின் அமைப்பு விதிகளும் துணை விதிகளும் ஒப்பந்தத்தின் பகுதி. பின்னால் அவற்றில் செய்யப்படும் திருத்தங்களும் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். கையிருப்பு நிதி குறைந்துபோனால் சங்கம் கூடுதல் தொகை கேட்கலாம். கட்டாதவர் பலனில் அது கடனாக ஏறும், அல்லது பலன் குறையும். நீ வாடிக்கையாளன் அல்ல, உரிமையாளர்களில் ஒருவன், ஆகவே நட்டத்திலும் உனக்குப் பங்குண்டு என்பது இதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கம் எவ்வளவு கறாரானது என்பதை 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காட்டியது. ஒஹையோவில் பதிவான பயண விற்பனையாளர் சங்கம் ஒன்றின் மீது தெற்கு டகோட்டாவில் வழக்கு. அந்த மாநிலச் சட்டம் வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் தந்தது. சங்க விதியோ, கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றது. சங்க விதியே செல்லும் என்று தீர்ப்பானது. இறந்தவரின் தரப்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. 1905-க்குப் பிந்தைய சுதேசி அலையில் காப்பீட்டு நிறுவனங்கள் புற்றீசலாய்க் கிளம்பின. அவற்றோடு சிறு சேமநலச் சங்கங்களும் முளைத்தன. பல சங்கங்கள் நடத்தியது பங்கீட்டுக் கணக்குதான். முதலில் சேர்ந்தவன் அள்ளினான், பின்னால் வந்தவன் ஏமாந்தான். 1912-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு, மற்றது சேமநலச் சங்கங்களுக்கு. பிறகு 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒரு கூரைக்குள் கொண்டுவந்து, 1939 ஜூலை 1-இல் அமலானது. 1956-இல் எல்.ஐ.சி. உருவானபோது விழுங்கப்பட்ட 245 அமைப்புகளில் 75 இந்தச் சேமநலச் சங்கங்கள்.

அந்த இரண்டு சட்டங்களும் வந்தபோது புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டங்கள் இங்கே தானாகச் செல்லுபடியாகாது. 1948 மார்ச் 3-இல்தான் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ஆனால் எங்கள் மாவட்டத்தின் மிகப் பெரிய பரஸ்பர நிதிக்கு அந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, இந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

மொய் விருந்தைச் சொல்கிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போனால் பார்க்கலாம். பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரத்திலும் உண்டு. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், மொய் வாங்குவதற்காகவே பந்தல். பல குடும்பங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு கிடாக்கறி விருந்து போடும். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. இப்போது கம்ப்யூட்டர் ரசீதும் பணம் எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டன. வசூல் லட்சங்களில் போகும், சிலருக்குக் கோடியைத் தொடும். ஒரு குடும்பத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப்பு. கிணறு வெட்ட, வீடு கட்ட, பிள்ளையை வெளிநாடு அனுப்ப இதுதான் முதல்.

இதில் யாருக்கு யார் பொறுப்பு என்று சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"பொறுப்பென்னடா பொறுப்பு? அவன் ஆயிரம் செஞ்சிருந்தா நான் ஆயிரத்தைத் திருப்பணும். மேல ஐநூறு போட்டா அது புது நடை. வெறும் ஆயிரத்தை மட்டும் போட்டா, உறவு போதும்னு அர்த்தம்."

"திருப்பலைன்னா?"

"ஊர்ல எப்படிடா நடமாடுவான்?"

மென்பொருள் எழுதுபவன் கண்ணில் இது மையச் சர்வர் இல்லாத அமைப்பு. அமெரிக்கச் சங்கத்தில் பணம் ஒரு நிதிக்குப் போய்த் திரும்பும். இங்கே ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிக் கணக்கு. சந்தா வாங்கிக்கொண்டு 'இன்னது நடந்தால் இவ்வளவு தருவேன்' என்று வாக்குக் கொடுக்கும் ஒரு தரப்பு கிடையாது. ஆகவே இது காப்பீடு அல்ல, 52-ஆம் பிரிவும் இதைத் தொடாது. கடன் என்று வாதிடலாமா? 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, கொடுத்த கடனுக்கு வழக்குப் போடக் கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டு அவகாசம். மொய்ச் சுற்றோ ஐந்தாண்டு. நோட்டில் உள்ள பெரும்பாலான வரிகள் திரும்பி வரும் முன்பே நீதிமன்றத்தின் கணக்கில் காலாவதி. ஆனாலும் பணம் திரும்புகிறது. ஆறு மாத விதியால் ஒரு குடும்பம் வெறுங்கையோடு திரும்பிய கதையை நினைத்துக்கொண்டால், சட்டம் இல்லாத இந்த ஏற்பாடு மேல் என்றுகூடத் தோன்றும்.

எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் தோன்றியது. கஜா அதைக் கலைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த அந்தப் புயல் எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்தது. பரஸ்பர உதவியின் அடிப்படையே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழாது என்பதுதான். இங்கே கொடுக்க வேண்டியவனும் வாங்க வேண்டியவனும் ஒரே தோப்பு வரிசையில் இருந்தார்கள். 2020 ஊரடங்கில் பந்தலே போட முடியவில்லை. கையிருப்பு நிதி இல்லாத அமைப்புக்கு அடுத்தடுத்து இரண்டு அடி.

தூரத்து உறவில் ஒரு அத்தை, புயலுக்கு முந்தைய வருடம் மொய் வாங்கியவர். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். தென்னை விழுந்தது. அடுத்த வருடம் மாமாவும் போய்விட்டார். சட்டப்படி, இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுக்குக் கடன் பொறுப்பு. மொய் நோட்டில் அப்படி எல்லை ஏதும் எழுதியிருக்காது. அத்தை நகையை அடகு வைத்து ஒவ்வோர் ஆடியிலும் திருப்பிக்கொண்டிருந்தார். யாரும் அவரை மிரட்டவில்லை. யாரும் 'இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்றும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு அதிகாரம்? ஒரு சங்கம் இருந்தால் பொதுக்குழு கூடி விதியைத் திருத்தலாம், ஒரு வருடம் தள்ளிவைக்கலாம், விதவைகளுக்கு விலக்குத் தரலாம். திறந்த ஒப்பந்தத்தின் நல்ல பக்கம் அது. அங்கே கூடுதலாகக் கேட்கவும் வழி உண்டு, பொறுத்துக்கொள்ளவும் வழி உண்டு. மொய்யில் நூற்றுக்கணக்கான தனித்தனி ஒப்பந்தங்கள். அத்தை ஒவ்வொருவர் வீட்டுப் படியாக ஏறித் தவணை கேட்க வேண்டும். அதற்கு நகையை அடகு வைப்பதே மேல் என்று அவர் நினைத்தார்.

1938-இல் பங்கீட்டு முறையைத் தடை செய்தவர்கள் கணக்கில் தவறவில்லை. அந்த ஓட்டை நிஜம். ஆனால் அமெரிக்கா ஓட்டையை அடைத்துச் சங்கங்களைத் தனிச் சட்டத்தில் வாழவிட்டது. இங்கே சங்கங்கள் எல்.ஐ.சி.க்குள் கரைந்தன. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்தபோது குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய் என்றது. மதுரையின் தானம் அறக்கட்டளை களஞ்சியம் குழுக்களைக் கொண்டு பரஸ்பரக் காப்பீடு நடத்திக் காட்டியிருக்கிறது, ஆனால் அப்படிப்பட்ட முயற்சிகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆயிரம் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு நிதி வைத்து, வயதுக்கேற்பச் சந்தா போட்டு, பேரழிவு வருடத்துக்கு மறுகாப்பீடு எடுத்து, பொதுக்குழுவில் கைதூக்கி விதியைத் திருத்த ஒரு எளிய சட்டம் போதும். எழுதிப் பழகிய கைகளும் நோட்டும் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன.

அத்தையிடம் இப்போது இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்றில் வரவு, ஒன்றில் திருப்பியது. அடுத்த சுற்றில் மகன் பெயரில் பந்தல் போடப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஏற்பாடு எதுவும் இல்லை என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.