இறுதியாண்டுத் தொகுப்பு: லண்டன் கலைப்பள்ளிகளில் ஓர் ஆடைத் தேர்வின் வரலாறு

ஃபேஷன் வடிவமைப்புப் படிப்பின் கடைசி ஆண்டில், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தாமே வரைந்து, வெட்டி, தைத்து முடிக்கும் உடைகளின் வரிசைக்கு இறுதியாண்டுத் தொகுப்பு என்று பெயர். இளங்கலை மாணவர் பொதுவாக ஆறு முழு உடைகளையும், முதுகலை மாணவர் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் செய்கின்றனர். முழு உடை என்பது ஒரு மாடல் தலை முதல் கால் வரை அணிந்து மேடையில் நடப்பதற்கு வேண்டிய எல்லா உருப்படிகளும் சேர்ந்தது. அன்றாடத் தெருவில் அணிய முடியாதவை போலத் தோன்றும் இவ்வுடைகள் வெறும் வேடிக்கைக்காகச் செய்யப்படுவதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் இவை ஒரு தேர்வின் விடைகள். அத்தேர்வுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் லண்டன். அங்கே மாணவரின் கற்பனை எத்துணை முதன்மை பெற்றதோ, அத்துணை முதன்மை அவருக்குக் கட்டணமில்லாத கல்வியையும், கைத்தொழில் தெரிந்த ஆசிரியர்களையும், செய்து பார்த்துத் தோற்பதற்கான அவகாசத்தையும் அளித்த பொது ஏற்பாடுகளுக்கும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உடைத்தொழில் கற்க விரும்பிய பெண்களுக்குத் தொழிற்பள்ளிகளே இருந்தன. 1906இல் ஷோர்டிச்சிலும், 1915இல் பேரட் தெருவிலும் தொடங்கப்பெற்ற பள்ளிகள், செல்வர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த உடையகங்களுக்குத் தையற்காரிகளைப் பயிற்றுவித்து அனுப்பின; இப்பள்ளிகளின் வழிவந்ததே இன்றைய லண்டன் ஃபேஷன் கல்லூரி. அங்கு மாணவி கற்றது பிறர் வகுத்த வடிவத்தைப் பிழையின்றித் தைத்து முடிக்கும் திறன். வடிவத்தை வகுக்கும் உரிமை உடையகத்தின் உரிமையாளரிடமும், அவர் பார்த்துப் பின்பற்றிய பாரிஸ் நகரத்திடமும் இருந்தது. வரைகலை ஒரு பள்ளியிலும் தையல் வேறொரு பள்ளியிலும் கற்பிக்கப்பட்ட வரையில், ஒரே மாணவர் எண்ணி, வரைந்து, தைத்து முடிக்கும் தொகுப்பு என்ற ஒன்று தோன்ற வாய்ப்பில்லை.

இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தவர் மியூரியல் பெம்பர்டன். 1928இல் ராயல் கலைக் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்த அவர், ஃபேஷன் என்ற பாடமே அங்கு இல்லாத நிலையில், தமக்கென ஒரு பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, அதற்குப் பேராசிரியரின் இசைவையும் பெற்று, அத்துறையில் அக்கல்லூரியின் முதல் பட்டயத்தைப் பெற்றார். பின்னர் சேன்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, ஃபேஷன் வரைதல் வகுப்பில் தொடங்கி, அதை ஒரு முழுத் துறையாகவே வளர்த்தார். உடையைச் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் அருகில் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை; ஆகவே மாணவர்கள் உயிருள்ள உருவத்தைப் பார்த்து வரைந்தனர், அருங்காட்சியகங்களுக்குச் சென்று பழைய உடைகளைப் படித்தனர். 1975இல் அவர் ஓய்வு பெற்றபோது, உடை வடிவமைப்பைக் கலைக்கல்வியின் ஒரு கிளையாகக் கொள்ளும் முறை பிரிட்டனில் வேரூன்றியிருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் அரசும் தொழில்துறையும் வடிவமைப்புக் கல்வியில் அக்கறை காட்டத் தொடங்கின. 1948இல் ராயல் கலைக் கல்லூரி, வோக் இதழில் ஆசிரியப் பொறுப்பு வகித்த மேட்ஜ் கார்லண்டை ஃபேஷன் பேராசிரியராக நியமித்தது. 1956இல் அவருக்குப்பின் வந்த ஜேனி அயர்ன்சைடு, ஆண்டு இறுதியில் மாணவர் உடைகளை வணிகர்களுக்கும் இதழாளர்களுக்கும் காட்டும் நிகழ்ச்சியைப் பலரும் எதிர்நோக்கும் ஒன்றாக மாற்றினார். தேர்வாளர் மட்டுமே பார்த்த விடைத்தாள் அதனால் பொதுமக்கள் முன் வந்தது. 1965இல் ஆஸி கிளார்க் தம் இறுதித் தொகுப்பில் சிறு மின்விளக்குகள் பொருத்திய கோட் ஒன்றைக் காட்டியபோது செய்தித்தாள்கள் அதன் படத்தை வெளியிட்டன. ஒரு மாணவரின் தேர்வுப்பணி நாட்டுச் செய்தியாகும் வழக்கம் இக்காலத்திலேயே உருப்பெற்றது.

இம்மாற்றத்துக்கு இரு அரசு நடவடிக்கைகள் துணை நின்றன. வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையிலான குழு 1960இல் அளித்த அறிக்கையின்படி, கலைப்பள்ளிப் படிப்பு பட்டப்படிப்புக்கு நிகரான மூன்றாண்டுப் பட்டயமாகச் சீரமைக்கப்பட்டது. நுண்கலை, வரைகலை வடிவமைப்பு, முப்பரிமாண வடிவமைப்பு ஆகியவற்றோடு, நெசவும் ஃபேஷனும் சேர்ந்த துறை நான்காவது பிரிவாக இடம்பெற்றது. 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, முதற்பட்டப் படிப்புக்கும் அதற்கு நிகரான படிப்புகளுக்கும் தேர்வான மாணவர்களின் கட்டணத்தையும், பெற்றோர் வருவாயைப் பொறுத்து அவர்களின் வாழ்க்கைச் செலவையும் உள்ளாட்சி அமைப்புகளே ஏற்க வேண்டும் என்று விதித்தது. ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பில் கிப் சேன்ட் மார்ட்டின்ஸிலும் ராயல் கலைக் கல்லூரியிலும் பயின்றதும், பெற்றோர் அரவணைப்பின்றி வளர்ந்து, தம்மை வளர்த்த தையற்காரப் பெண்மணியிடம் ஊசி பிடிக்கக் கற்ற புரூஸ் ஓல்ட்ஃபீல்டு 1973இல் சேன்ட் மார்ட்டின்ஸில் பட்டயம் பெற்றதும் இவ்வாறு கதவுகள் திறந்திருந்த காலத்தில் நிகழ்ந்தவை.

சேன்ட் மார்ட்டின்ஸ் பள்ளி 1854இல் ஒரு தேவாலயப் பங்கின் முயற்சியால் தோன்றியது. 1939 முதல் சேரிங் கிராஸ் சாலையில் சொந்தக் கட்டடத்தில் இயங்கியது. 1989இல் சென்ட்ரல் கலைப்பள்ளியுடன் இணைந்து சென்ட்ரல் சேன்ட் மார்ட்டின்ஸ் ஆயிற்று. சேரிங் கிராஸ் சாலைக் கட்டடம் சோஹோ பகுதியின் விளிம்பில் இருந்ததால், பெர்விக் தெருத் துணிக்கடைகளும், பொத்தான், நாடா, உள்துணி விற்கும் சிறு கடைகளும், மேல்மாடித் தையற்கூடங்களும், நாடக அரங்குகளும், இரவு விடுதிகளும் மாணவருக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே கிடைத்தன. பகலில் துணியின் விலையையும் தரத்தையும் கடைக்காரரிடம் கற்ற மாணவர், தாம் தைத்ததை இரவில் விடுதிகளில் அணிந்து பார்த்தார். 1978இல் பாபி ஹில்சன் அங்கு முதுகலை ஃபேஷன் படிப்பைத் தொடங்கினார். அதன் மாணவர் தொகுப்புகள் நாளடைவில் லண்டன் ஃபேஷன் வாரத்தின் பகுதியாகவே காட்டப்பட்டன. மாணவரும் தொழிலில் ஊன்றியவரும் ஒரே வாரத்தில், ஒரே பார்வையாளர் முன் நிற்கும் நிலை அதனால் ஏற்பட்டது.

ஒரு தொகுப்பு உருவாகும் முறையை அறிந்தாலன்றி அதன் மதிப்பை அளக்க இயலாது. மாணவர் முதலில் ஆய்வேடு ஒன்றைத் தொடங்குகிறார். படங்கள், பழைய உடைகளின் வரைபடங்கள், துணித்துண்டுகள், சாயச் சோதனைகள் ஆகியவை அதில் ஒட்டப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் வழி பதிவாகிறது. அடுத்து, உடையின் ஒவ்வொரு பாகத்துக்கும் காகிதத்தில் வெட்டு மாதிரி எடுக்கப்படுகிறது, அல்லது உடலளவிலான தாங்கியின்மீது துணியை நேரே போர்த்தி ஊசி குத்தி வடிவம் காணப்படுகிறது. பிறகு விலை குறைந்த காடாத் துணியில் அந்த உடை முழுமையாகத் தைக்கப்படுகிறது. துவால் எனப்படும் இந்தச் சோதனை உடையை அணிவித்துப் பார்த்து, தோள் இறங்கும் இடத்தையும் கைத்துளை இழுக்கும் இடத்தையும் குறித்து, பிரித்து, மீண்டும் தைக்கின்றனர். ஒரே கோட்டுக்கு இத்தகைய சோதனைகள் பல நடந்தபின்பே உரிய துணியில் கத்தரி வைக்கப்படுகிறது. சென்ட்ரல் சேன்ட் மார்ட்டின்ஸில் முதலாண்டு மாணவர் அனைவரும் வெள்ளைத் துணியில் மட்டும் உடை செய்து காட்டும் வழக்கம், நிறத்தின் துணையின்றி வடிவத்தைச் சிந்திக்கப் பழக்குவதாகும். ஆசிரியர் சோதனை உடையைப் பார்த்துக் குறை கூறுவதும், மாணவர் அதைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதும் மாதக்கணக்கில் நீள்கின்றன. மேடையில் சில நிமிடங்களில் கடந்துபோகும் உடைக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

லண்டன் தொகுப்புகளின் புகழை உலகறியச் செய்தது 1984ஆம் ஆண்டு. ஜிப்ரால்டரில் பிறந்து, குழாய்த்தொழிலாளியின் மகனாக லண்டனில் வளர்ந்த ஜான் கலியானோ, சேன்ட் மார்ட்டின்ஸில் படிக்கும்போதே நேஷனல் தியேட்டரில் நடிகர்களுக்கு உடையணிவிக்கும் வேலை பார்த்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சி முடிந்தபின் பாரிஸ் தெருக்களில் மிகையான உடையணிந்து திரிந்த இளைஞர் கூட்டத்தை அவர் தம் தொகுப்புக்குப் பொருளாகக் கொண்டார். சவுத் மோல்ட்டன் தெருவில் இருந்த பிரவுன்ஸ் கடையின் உரிமையாளர் ஜோன் பர்ஸ்டீன் அத்தொகுப்பை முழுவதுமாக வாங்கித் தம் கடைச் சன்னலில் வைத்தார். அதிலிருந்த உடையொன்றை அமெரிக்கப் பாடகி டயானா ராஸ் வாங்கிச் சென்றார். தேர்வுக்காகச் செய்த பொருள் விற்பனைப் பொருளாகவும் ஆக முடியும், மாணவர் எவரிடமும் வேலைக்குச் சேராமல் தம் பெயரிலேயே தொழில் தொடங்க முடியும் என்ற நம்பிக்கையை அந்நிகழ்ச்சி அளித்தது.

1992இல் சென்ட்ரல் சேன்ட் மார்ட்டின்ஸில் முதுகலை முடித்த அலெக்சாண்டர் மெக்வீனின் தொகுப்பு இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. வாடகைக்கார் ஓட்டுநரின் மகனான அவர் பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ஆண்களுக்கு அளவெடுத்துக் கோட் தைக்கும் கடைகளுக்குப் பெயர்பெற்ற சாவில் ரோ தெருவில் பயிற்சியாளராகச் சேர்ந்து, மார்புப்பகுதிக்கு உள்ளுறை வைத்துக் கையால் தைக்கும் நுட்பத்தைக் கற்றார். வெட்டுக்கலை கற்பிக்கும் வேலை கேட்டு வந்த அவரிடம் பாபி ஹில்சன் மாணவராகச் சேரும்படி கூறினார். கட்டணத்துக்கு உறவினர் ஒருவர் 4,000 பவுண்டு கொடுத்தார். 1888இல் கிழக்கு லண்டனில் பெண்களைக் கொன்ற ஜாக் தி ரிப்பரைப் பொருளாகக் கொண்ட தொகுப்பில், முட்செடி அச்சிட்ட இளஞ்சிவப்புப் பட்டுக் கோட்டின் உள்துணிக்குள் மனித முடியை வைத்துத் தைத்தார். காதலர்கள் முடிக்கற்றையை நினைவுப் பொருளாகக் கொடுத்துக்கொண்ட விக்டோரியா காலத்து வழக்கத்தின் எதிரொலி அது. இதழாளர் இசபெல்லா ப்ளோ அத்தொகுப்பை 5,000 பவுண்டுக்கு, வாரம் 100 பவுண்டு தவணையில் வாங்கினார். 2011இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், 2015இல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நடந்த மெக்வீன் கண்காட்சியில் அந்தக் கோட் இடம்பெற்றது. அதன் பொருள் அதிர்ச்சி தருவதாயினும், பழுதற்ற தோள்வெட்டு இல்லாதிருந்தால் அந்தக் கோட் அருங்காட்சியகம் வரை வந்திருக்காது.

1993இல் நிக்கோசியாவில் பிறந்த ஹுசேன் சலயான் தம் இறுதித் தொகுப்பில், பட்டு உடைகளை இரும்புத்தூளுடன் தோட்டத்து மண்ணில் புதைத்துவைத்து, துருவும் மண்ணும் ஏற்படுத்திய நிறத்தோடும் சிதைவோடும் தோண்டியெடுத்துக் காட்டினார். காலமும் அழிவும் துணியில் எழுதும் தடத்தை உடையின் அலங்காரமாகக் கொள்ளும் சிந்தனை அது. அத்தொகுப்பையும் பிரவுன்ஸ் கடை காட்சிக்கு வைத்தது. 1995இல் ஸ்டெல்லா மெக்கார்ட்னியின் இளங்கலைத் தொகுப்பைப் புகழ்பெற்ற மாடல்களான நவோமி கேம்பெலும் கேட் மாஸும் அணிந்து நடந்தனர். விரைவிலேயே பாரிஸ் உடையகங்கள் இப்பட்டதாரிகளை நாடி வந்தன: கலியானோ ஜிவான்ஷிக்கும் பின்னர் டியோருக்கும், மெக்வீன் 1996இல் ஜிவான்ஷிக்கும், மெக்கார்ட்னி 1997இல் குளோயேக்கும் தலைமை வடிவமைப்பாளராயினர். பாரிஸைப் பார்த்து நகலெடுத்த லண்டன், பாரிஸுக்கே வடிவமைப்பாளர்களை அனுப்பும் ஊராயிற்று.

1992 முதல் 2014இல் மறையும் வரை சென்ட்ரல் சேன்ட் மார்ட்டின்ஸின் முதுகலைப் படிப்பை நடத்திய லூயீஸ் வில்சன் இந்தப் புகழால் மயங்காதவர். கடுமையான விமர்சனத்துக்குப் பெயர்பெற்ற அவரிடம் கிறிஸ்டோபர் கேன், மேரி கட்ரான்ட்சூ, சிமோன் ரோஷா, கிரெய்க் கிரீன் முதலியோர் பயின்றனர். மற்றக் கல்லூரி மாணவருக்கும் இத்தகைய மேடை வேண்டும் என்ற நோக்கில் ஜெஃப் பேங்க்ஸ் உள்ளிட்டோர் 1991இல் பட்டதாரி ஃபேஷன் வாரத்தைத் தொடங்கினர். பிரிட்டனின் பல ஊர்களிலிருந்தும் தொகுப்புகள் ஆண்டுதோறும் அங்கே வந்து சேர்ந்தன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ராயல் கலைக்கழகத்தில் 1980ஐ ஒட்டிப் பட்டம் பெற்ற ட்ரீஸ் வான் நோட்டன், ஆன் டெமுலமீஸ்டர் முதலிய அறுவர் 1986இல் லண்டனுக்கு வந்து தம் உடைகளைக் காட்டிப் புகழ்பெற்றதால், அப்பள்ளியும் இதே மரபின் இன்னொரு தூணாயிற்று. இந்தியாவில் 1986இல் புதுதில்லியில் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது; அதன் பாடத்திட்டத்திலும் இறுதியாண்டுத் தொகுப்பு இடம்பெற்றது. 1995இல் அதன் சென்னை மையம் தொடங்கப்பட்டதிலிருந்து தமிழ்நாட்டு மாணவரும் இத்தேர்வை எழுதி வருகின்றனர்.

தொகுப்பின் புகழ் வளர்ந்த அதே காலத்தில் அதைத் தாங்கிய அடித்தளம் தளர்ந்தது. பிரிட்டனில் 1998இல் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அது 2006இல் 3,000 பவுண்டு வரையிலும், 2012இல் 9,000 பவுண்டு வரையிலும் உயர்ந்தது. துணி, சாயம், பின்னல், காலணி ஆகியவற்றின் செலவு இதில் சேராது; அது மாணவரின் தனிப்பொறுப்பு. 2011இல் சென்ட்ரல் சேன்ட் மார்ட்டின்ஸும், நடந்து செல்லும் தொலைவில் துணிக்கடைகள் இருந்த சோஹோவை விட்டுக் கிங்ஸ் கிராஸில் பழைய தானியக் கிடங்கைப் புதுப்பித்த பெரிய வளாகத்துக்குப் பெயர்ந்தது. மாணவர் சிலருக்கு விலையுயர்ந்த துணியை வாங்கவும் கூலிக்குத் தைப்பவரை அமர்த்தவும் இயலும்போது, வேறு சிலர் மாலையில் கடை வேலை பார்த்து இரவில் தைக்க நேர்கிறது; மேடையில் இருவர் உடைகளும் அருகருகே நடக்கின்றன, பார்ப்பவர் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கின்றனர். தேர்வு திறமையை அளப்பதற்குப் பதிலாகப் பணத்தை அளக்கத் தொடங்கினால், அது தன் பெயரை இழந்துவிடும்.

பணமில்லாதவருக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதில் வரலாறு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. குழாய்த்தொழிலாளியின் மகனும், பண்ணைக் குடும்பத்துப் பிள்ளையும், வளர்ப்புத் தாயிடம் தையல் கற்ற சிறுவனும் கத்தரி எடுக்க முடிந்ததாலேயே லண்டன் தொகுப்புகள் உலகின் கவனத்தைப் பெற்றன. மாணவரிடம் துணிச்சலையும் புதுமையையும் எதிர்பார்க்கும் கல்லூரிகளும், அவர்களைப் பின்னர் வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் ஆடை நிறுவனங்களும், அரசும், அவர்கள் வெட்டிப் பழகும் துணியின் விலையையும், தோற்றுக் கற்கும் காலத்தின் செலவையும் பகிர்ந்து ஏற்க வேண்டும். லண்டனுக்கு மட்டுமன்றிச் சென்னைக்கும் இது பொருந்தும்.