கைப்: கண்ணுக்கு மறைந்தவை



திருவொற்றியூர்க் கோயிலில் நான்மறை என்பர். இராயபுரத்துத் தேவாலயத்தில் மறைக்கல்வி என்பர். நாமோ அல்லாஹ்வின் வேதத்தைத் திருமறை என்கிறோம். உட்பொருளைத் தன்னுள் மறைத்து வைத்திருப்பதால் வேதத்திற்கு மறை என்று பெயர் வந்ததாகத் தமிழறிஞர் உரைப்பர். குர்ஆனோ தன்னைத் தெளிவான வேதம் என்றே பல இடங்களில் கூறிக்கொள்கிறது. மறைந்தவற்றைக் குறிக்க அது ஆளும் சொல் 'கைப்'. அந்த மறைவானவற்றை நம்புவதையே இறையச்சமுடையோரின் முதற்பண்பாக அல்பகரா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் எடுத்துரைக்கிறது.

'காப' என்னும் அரபு வினைக்கு மறைதல், அகன்று போதல் எனப் பொருள். ஆளை மறைக்கும் பள்ளமான நிலத்தையும் அரபிகள் கைப் என்றனர். யூஸுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் போட்ட கிணற்றின் ஆழத்தைக் குர்ஆன் இவ்வேரிலிருந்தே 'கயாபத்' என்கிறது. சுலைமான் (அலை) அவர்கள் ஹுத்ஹுத் பறவையைக் காணாமல், அது வராதவற்றில் ஒன்றோ என்று வினவிய இடத்திலும் (27:20) இதே வேர்தான். அங்கே மர்மம் ஏதுமில்லை. பறவை அவைக்கு வரவில்லை, அவ்வளவே!

காசிமேட்டுக் கரையில் நின்று பாருங்கள். ஆழ்கடலுக்குப் புறப்பட்ட விசைப்படகு அடிவானத்தில் தாழ்ந்து மறைகிறது. கரையில் நிற்பவருக்குப் படகு கைப். படகில் இருப்பவருக்குக் கரை கைப். அல்லாஹ்வுக்கோ இரண்டும் வெளிப்படை.

நம் வீடுகளில் சரளமாகப் புழங்கும் 'கீபத்', அதாவது புறம் பேசுதல், இவ்வேரில் பிறந்த சொல்லே. ஒருவர் இல்லாதபோது, அவர் கேட்டால் வெறுக்கும் குறையைச் சொல்வது அது. சொன்னது உண்மையாயிருந்தாலும் கீபத்தே. பொய்யாயிருந்தால் அது அவதூறு. இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) இதனை ஒப்பிடுவது ஏன்? இறந்தவனைப் போலவே, அங்கே இல்லாதவனாலும் தனக்காக வாய் திறக்க இயலாது அல்லவா! மறைவானவற்றை நம்புவதாகச் சொல்லும் நாவு, மறைவாயிருக்கும் மனிதரை எப்படி நடத்துகிறது?

அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி மரணித்தபோது, தொலைவிலிருந்த அவருக்காக நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் நான்கு தக்பீர்களுடன் தொழுவித்தார்கள். காயிப் ஜனாஸா என்னும் பெயரிலும் அதே வேர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இது அனுமதிக்கப்பட்டது; ஹனஃபி மத்ஹபில் இல்லை. ஷாஃபிஈ பள்ளிகளில் ஜும்ஆவுக்குப் பின் அவ்வறிவிப்பு கேட்டதுமே, ஊரைவிட்டுப் போன ஒருவர் இனித் திரும்பமாட்டார் என்பது பெயர் சொல்லுமுன்பே விளங்கிவிடும்.